மீன்தொட்டி விளக்கு நழுவாமல் இருக்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மீன்தொட்டியின் மேல் விளக்கைப் பொருத்தும் முறையில் நாம் காட்டும் அலட்சியம் பற்றிச் சொந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். என் இரண்டடித் தொட்டியின் கண்ணாடி 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. கடையில் தந்த எல்.இ.டி. விளக்கின் பிளாஸ்டிக் கால்களில் இருந்த பிளவோ அதைவிட அகலமானது. இடைவெளியில் அட்டையை மடித்துச் செருகியிருந்தேன். அது ஈரத்தில் ஊறியதும் விளக்கு சரிந்து, ஒரு முனை நீரில் அமிழ்ந்தது. தொட்டிக்குள் கையை விடாமல் முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றியதால் தப்பினேன்.

பின்னர் சுவரில் இரண்டு அலுமினியத் தாங்கிகளைத் திருகி, நீர்மட்டத்திற்கு அரையடி மேலே விளக்கைத் துருப்பிடிக்காத கம்பியால் தொங்கவிட்டேன். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க இயலாதோர், பிளவில் ரப்பர் பட்டை வைத்துக் கால்களை இறுக்கி, தொட்டிக்குக் கண்ணாடி மூடியும் இடலாம். அப்போது கால் நழுவினாலும் விளக்கு நீரை எட்டாது. மின்வயரைச் சாக்கெட்டுக்குக் கீழே வளைவாகத் தாழவிட்டால், அதன்வழி வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி வீட்டில் இருப்பது இவை அனைத்தினும் முக்கியம்.

விற்பனையாளர்கள் கண்ணாடியின் தடிமனைக் கேட்டறிந்து, அதற்கேற்ற கால்களையே தர வேண்டும். உற்பத்தியாளர்களும் அந்த அளவைப் பெட்டியின் மேல் தமிழில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், சென்னை