இழை பார்த்து வெட்டு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ராத்திரி ஒட்டி வைத்தபோது நேராக இருந்த உன் அட்டை மாடல் விமானத்தின் உடல், காலையில் வாழைக்காய் மாதிரி வளைந்து கிடக்கிறது. "அட்டை சரிப்படாதுண்ணே, பிளாஸ்டிக் கிட் வாங்கிடவா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அட்டை மேல் தப்பில்லை.

அட்டைக்கு இழை உண்டு, அதாவது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஒரு துண்டை எடுத்து இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார். ஒரு பக்கம் சொன்னபடி வளையும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமாக வளைகிற பக்கம்தான் உருளையின் சுற்றாக வர வேண்டும். அதாவது இழை மூக்கிலிருந்து வால் வரை நீளவாக்கில் ஓட வேண்டும். நீ குறுக்கே வெட்டியிருக்கிறாய். போதாததற்குப் பசையை பிரஷ்ஷால் பூசியிருக்கிறாய். ஈரம் குடித்த அட்டை ஊதும், காயும்போது இழுக்கும். பல்குத்தும் குச்சி முனையில் தொட்டு வைத்தாலே போதும். என் முதல் விமானம் ஒரு மழைக்காலத்தில் இப்படித்தான் போனது. மூன்று மாத வேலை. அன்றைக்கு இதைச் சொல்ல எனக்கு ஆளில்லை.

அமெரிக்காவின் லூக்கா இயாகோனி-ஸ்டீவர்ட் 2008-ல், பள்ளியில் படிக்கும்போதே, ஏர் இந்தியாவின் போயிங் 777-300இஆர் விமானத்தைச் செய்ய ஆரம்பித்தார். நீ எடுத்திருக்கும் அதே 1:60 அளவு, அதாவது நிஜத்தில் அறுபதில் ஒரு பங்கு. பொருள், ஆபீஸில் தாள் போட்டு வைக்கும் மணிலா ஃபைல் அட்டை. சக்கரங்கள் மடங்கி உள்ளே போகும். சாதாரண வகுப்பு இருக்கை ஒன்றுக்கு 20 நிமிடம், முதல் வகுப்பு இருக்கைக்கு 8 மணி நேரம் ஆனதாம். அந்த விமானத்தில் சாதாரண வகுப்பில் மட்டும் 303 இருக்கைகள். கணக்குப் போட்டுப் பார், 101 மணி நேரம். பல வருடம் உட்கார்ந்து செய்தார். உனக்கு ஒரு ராத்திரிதான் போயிருக்கிறது.

அப்புறம், மூக்குப் பகுதியை இப்போது தொடாதே. நடு உடல் ஒரே பக்கம் வளைவது, அதனால் அட்டை ஒத்துழைக்கும். மூக்கு இரண்டு பக்கமும் வளைகிறது, அட்டை அதற்கு இசையாது. பூவிதழ் மாதிரி ஒல்லியான துண்டுகளாக வெட்டி, உள்ளே வளையம் வைத்து ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். அதற்குக் கை பழக வேண்டும்.

இறக்கைதான் உண்மையான சோதனை. நிஜ 777 இறக்கை நுனிக்கு நுனி ஏறக்குறைய 65 மீட்டர் அகலம், உன் மேஜையில் 1 மீட்டர் 8 சென்டிமீட்டர் வரும். இரண்டு இறக்கையையும் தனித்தனியாகச் செய்து உடலில் ஒட்டினால் ஒரே வாரத்தில் தொங்கிவிடும். இரண்டு மூன்று அட்டையைச் சேர்த்து ஒட்டிய பட்டை ஒன்று, ஒரு இறக்கையிலிருந்து உடலுக்குள் புகுந்து அடுத்த இறக்கைக்குப் போக வேண்டும். நிஜ விமானத்திலும் பாரம் உடலைக் கடப்பது இப்படித்தான். முதன்முதலில் அதைக் கோத்துத் தூக்கிப் பார்த்த நாளில், விமானம் எப்படி நிற்கிறது என்பதே என் கைக்குப் புரிந்த மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் கிட்டில் இது கிடைக்காது, தம்பி. அங்கே யாரோ முன்னாலேயே யோசித்து முடித்திருப்பார்கள்.

வளைந்த உருளையைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஜன்னல்களை அளவு பிசகாமல் வெட்டியிருக்கிறாய், அதை வைத்தே புது அட்டையில் குறித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வா. பிளேடு புதிதாக வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்