பேய்மிரட்டி கேட்டேன், நாயுண்ணி தந்தீர்கள்

புறக்கோட்டை மூலிகைக் கடை முதலாளிமாருக்கு,

வணக்கம். போன மாதம் தடிமனும் உடல் உளைவும் தாங்காமல், வேது பிடிப்பதற்காகக் காபோஸ் லேனில் ஒரு கடையில் பேய்மிரட்டி வாங்கினேன். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். வெள்ளவத்தைக்கு வந்து கட்டை அவிழ்த்தபோது பெருவிரலில் சுருக்கென்று ஏதோ ஏறியது. வளைந்த சிறு முள். பேய்மிரட்டிக்கு முள் ஏது? காய்ந்த இலையொன்றை இளஞ்சூட்டு நீரில் ஊறவிட்டு விரித்தேன். அடிப்புறத்தில் பஞ்சு இல்லை. தடவினால் பூனையின் நாக்குப் போலச் சொரசொரப்பு. நாயுண்ணியேதான்.

ஏமாற்றினீர்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் தண்டு நாற்சதுரம், இலை எதிரெதிராக இரண்டிரண்டு, கசக்கினால் இரண்டும் மூக்கைத் துளைக்கும். கட்டிக் காயவைத்த பிறகு தடுமாறுவது இயல்பு. ஆனால் நாயுண்ணி மாடு தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெடித்துப்போகும் செடி. அந்தக் கட்டை என்னைப் போல வேது பிடிக்காமல், கஷாயம் வைத்துக் குடிக்கிற ஒருவர் வாங்கியிருந்தால்?

நான் மன்னார்ப் பக்கம் வளர்ந்தவன். அங்கே புல்வெளியில் பேய்மிரட்டி இடுப்பளவு, சில இடங்களில் நெஞ்சளவு நிற்கும். தூரத்தில் நின்று பார்த்தால் பச்சையாகத் தெரியாது, சாம்பல் பூத்தது போலிருக்கும். இலை நீண்டு தடித்தது, ஓரத்தில் பல்வெட்டு, புரட்டினால் வெள்ளைப் பஞ்சு. பூ வெளிறிய ஊதா. கணுவுக்குக் கணு தண்டைச் சுற்றி நெருக்கமாகப் பூக்கும். பச்சை இலையைத் திரியாகச் சுருட்டி எண்ணெயில் இட்டால் நின்று எரியும். அம்மம்மா அப்படி விளக்கேற்றிக் காட்டியிருக்கிறார். உங்கள் கல்லாவுக்குப் பக்கத்திலேயே நீங்களும் செய்து பார்க்கலாம். சிங்கள வைத்தியர்கள் யக்வனஸ்ஸ என்று கேட்பது பெரும்பாலும் இதன் ஒன்றுவிட்ட சகோதரம்: இலை அகலம், மெல்லியது, பச்சை. இரண்டு மொழியிலும் பேயைத்தான் விரட்டுகிறோம், செடிதான் வேறு.

இலையைப் போலவே இடத்தையும் கேளுங்கள். பேய்மிரட்டி உலர் வலயத்துச் செடி. ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த, வெயில் தங்குதடையின்றி விழும் வெளிகளும் பற்றைகளும்தான் அதன் வீடு. கொழும்பைச் சுற்றி வெட்டிய கட்டு என்றால் அப்போதே சந்தேகப்படுங்கள். நாயுண்ணி அப்படியல்ல, அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு இன்று தெருவோரமெல்லாம் நிற்கிறது. கைக்கு எட்டுவதை வெட்டிக் கட்டுகிறார்கள் என்பது என் ஊகம். உடவளவையில் யானைகள் மேயும் புல்வெளியையே அது விழுங்கிக்கொண்டிருக்கிறது.

வெறும் புல்தானே என்பவர்கள் உங்கள் கடை லாச்சிகளைத் திறந்து பார்க்கட்டும். திரிபலாவின் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் பிபிலைக்கு அப்பால் நில்கலைப் புல்வெளியில் நிற்கும் மரங்கள். ஆண்டுதோறும் புல்லுக்கு நெருப்பு வைத்தாலும் தடித்த பட்டையால் தப்பிப்பவை. அந்தப் புல் போனால் உங்கள் வியாபாரத்தில் ஒரு பகுதியும் போகும்.

கொண்டுவருபவரிடம் பூவோடு ஒரு கொப்பு கேளுங்கள். வேரோடு பிடுங்க வேண்டாம், கொப்பை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். வேது பிடிக்க இலை போதும். எந்த மாவட்டத்துக் கட்டு என்று ஒரு துண்டில் எழுதிச் செருகிவிடுங்கள்.

அடுத்த கிழமை வருவேன். கட்டை அவிழ்த்து இலையைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் காசு தருவேன். கோபிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பெருவிரலில் முள் ஏறிய வாடிக்கையாளன்
வெள்ளவத்தை