மருத்துவப் படிப்புக்கு மனு: மெட்ரிக் முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு ஜனவரியிலும் இங்கே தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வின் (கிரேட் 12) முடிவு வந்ததும், ஏழு பாடத்திலும் டிஸ்டிங்ஷன் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் தங்கள் நாளிதழில் வருகின்றன. பார்க்கவே பெருமையாக இருக்கிறது. ஆனால் படத்துக்குக் கீழே "டாக்டராக விரும்புகிறார்" என்று அச்சாகும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு கவலை வந்துவிடுகிறது. போன ஜூன், ஜூலையிலேயே இந்தப் பிள்ளை மனுப் போட்டதா? போடாமல் விட்டிருந்தால், எத்தனை டிஸ்டிங்ஷன் இருந்தாலும் அந்த வருடம் மருத்துவத்தில் இடம் கேட்க வழியே இல்லை.

தென்னாப்பிரிக்காவில் பள்ளியை முடித்த கையோடு மருத்துவப் பட்டப்படிப்பில் சேரலாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆறு ஆண்டுப் படிப்பு, பிறகு இரண்டு ஆண்டு பயிற்சி மருத்துவர் வேலை, அதன்பின் ஓராண்டு சமூக சேவை. இவ்வளவு நீண்ட பாதைக்கான கதவு திறந்திருப்பது சில மாதங்கள்தான். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்துக்கும் ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவ மனு வழக்கமாக ஜூன் 30 அன்று முடிகிறது. கேப் டவுன், ஸ்டெல்லன்போஷ் இரண்டுக்கும் ஜூலை 31. மற்ற படிப்புகளுக்கு செப்டம்பர் வரை நேரம் தருகிறார்களே என்று பலர் அசந்துவிடுகிறார்கள். அந்தச் சலுகை மருத்துவத்துக்குக் கிடையாது. தேதிகள் மாறக்கூடும் என்பதால், அந்தந்த ஆண்டின் கையேட்டைப் பிப்ரவரி, மார்ச்சிலேயே இறக்கிப் பார்த்துவிட வேண்டும்.

டர்பன் வீடுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்துக்கு நேராக மனு அனுப்ப முடியாது, சி.ஏ.ஓ. என்ற மத்திய மனு அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். விட்ஸ், கேப் டவுன் போன்றவை சி.ஏ.ஓ.வில் சேராதவை. ஒவ்வொன்றுக்கும் தனி மனு, தனிக் கட்டணம், தனி ஆவணங்கள். "சி.ஏ.ஓ.வில் போட்டாச்சு" என்று பெற்றோர் நிம்மதியாக இருந்துவிட்டால், பிள்ளை ஒரே ஒரு மருத்துவக் கல்லூரிக்குத்தான் போட்டியிடுகிறது என்று அர்த்தம். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பள்ளி அறிக்கையிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பா பெயர் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் வருவது நம் வீடுகளில் சகஜம். அதைச் சரிசெய்ய உள்துறை அலுவலகத்தில் காத்திருக்கும் காலம், கெடு தேதியைத் தாண்டிப் போய்விடும்.

மனுப் போடும்போது மெட்ரிக் மதிப்பெண் கையில் இருக்காது. அதனால் தற்காலிக இடம் கிரேட் 11 இறுதி மதிப்பெண்ணை வைத்தே பெரும்பாலும் தரப்படுகிறது. மெட்ரிக் முடிவு அதை உறுதி செய்யும், அல்லது பறித்துவிடும். "கிரேட் 11-இல் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள், மெட்ரிக்கில் பிடித்துக்கொள்ளலாம்" என்று அன்பாகச் சொல்லும் அறிவுரை மருத்துவம் கேட்கும் பிள்ளைக்குப் பெரிய தீங்கு. இன்னும் பின்னால் போனால், கிரேட் 9 முடிவில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வழி முடிவாகிவிடுகிறது. கணிதத்துக்குப் பதிலாக மேத்ஸ் லிட்டரசி என்ற எளிய நடைமுறைக் கணக்குப் பாடத்தை எடுத்த பிள்ளைக்கு மருத்துவ வாசல் அன்றே அடைபட்டது. இயற்பியல்-வேதியியல், உயிரியல் இரண்டையும் எடுத்துவைப்பதே பத்திரம். சில பல்கலைக்கழகங்கள் ஒன்று போதும் என்கின்றன, குவாசுலு-நட்டால் இரண்டையும் கேட்கிறது. குறைந்தபட்சத் தகுதியாக அவர்கள் சொல்லும் 60 சதவீதத்தைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். அது மனுவை எடுத்துப் பார்ப்பதற்கான அளவு மட்டும். இடம் கிடைப்பவர்களின் மதிப்பெண் அதைவிட வெகு மேலே இருக்கிறது.

நம் பிள்ளைகள் கோட்டைவிடும் இடம் என்.பி.டி. என்ற தேசிய அளவிலான பல்கலைக்கழகத் தகுதித் தேர்வு. கேப் டவுன், ஸ்டெல்லன்போஷ் போன்றவை மெட்ரிக்கோடு சேர்த்து இதையும் கேட்கின்றன. மொழித்திறனும் எண்திறனும் சேர்ந்த தாள் ஒன்று, கணிதத் தாள் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேரம். எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. பழைய வினாத்தாளை அவர்கள் வெளியிடுவதும் இல்லை. பள்ளியில் கிரேட் 10-இலிருந்தே பின்னம், சதவீதம், வர்க்கமூலம் எல்லாவற்றுக்கும் கால்குலேட்டரைத் தட்டிப் பழகிய பிள்ளை, கணிதத்தில் 80 வாங்குகிற பிள்ளைதான், இங்கே வந்து நேரம் போதாமல் தவிக்கிறது. தேர்வுக்கு முன் இரண்டு மாதமாவது தினமும் கையால் கணக்குப் போட வைத்தால் போதும், வித்தியாசம் தெரியும். மொழித்தாளுக்கு நாளிதழ் தலையங்கம், வரைபடம், அட்டவணை ஆகியவற்றைப் படித்து "இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது" என்று பேசிப் பழகுவது டியூஷனைவிட உதவும்.

என்.பி.டி.யின் எடை எவ்வளவு என்று ஒரு கணக்கில் காட்டுகிறோம். கேப் டவுன் மருத்துவப் பிரிவில் மொத்தம் 900 புள்ளி. வாழ்க்கை நெறிப் பாடத்தை விட்டுவிட்டு ஆறு பாடங்களின் சதவீதத்தைக் கூட்டினால் 600-க்கு, என்.பி.டி.யின் மூன்று மதிப்பெண்களை (மொழித்திறன், எண்திறன், கணிதம்) கூட்டினால் 300-க்கு. ஆங்கிலம் 78, கணிதம் 82, இயற்பியல் 80, உயிரியல் 85, ஆப்பிரிகான்ஸ் 90, கணக்கியல் 76 வாங்கிய பிள்ளைக்கு 491. என்.பி.டி.யில் 72, 68, 61 என்றால் 201. ஆக 692. என்.பி.டி. மூன்றிலும் 10 கூட்டினால் 30 புள்ளி ஏறும். அதே 30 புள்ளியை மெட்ரிக்கில் ஏற்ற வேண்டுமானால் ஆறு பாடத்திலும் ஐந்தைந்து சதவீதம் கூட வேண்டும். எது எளிது என்று வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள். ஒரே சுற்றில் இரண்டு முறை எழுதலாம் என்பதால், முதல் முறையை மே மாதத்துக்குள் முடித்துவிட்டால், சரியில்லை என்றால் திரும்ப எழுத இடமிருக்கும். முடிவு வரவே பல வாரம் ஆகும் என்பதை மறக்க வேண்டாம்.

தமிழை இரண்டாம் கூடுதல் மொழியாக எடுத்து மெட்ரிக் எழுதும் பிள்ளைகளின் பெற்றோர், அந்த மதிப்பெண் கணக்கில் சேருமா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்தையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் யாரோ சொன்னதை நம்பிப் பாடத்தை விட்டுவிட வேண்டாம்.

இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. இனமும் பள்ளியின் ஏழ்மை நிலையும் தேர்வில் கணக்கில் எடுக்கப்படுகின்றன. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் முறை வேறு. "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று கோயில் பந்தலிலும் கல்யாண வீட்டிலும் பேசுவது சுலபம். அதைக் கேட்டு வளரும் பிள்ளை மனுவே போடாமல் இருந்துவிடுகிறது, அதுதான் எங்களுக்கு வலிக்கிறது. 1951-இல் டர்பனில் முதல் மாணவர்களைச் சேர்த்த மருத்துவப் பள்ளி, வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கென்றே திறக்கப்பட்டது. நம் தாத்தா பாட்டி காலத்தில் இந்த மாகாணத்தில் நமக்கு இருந்த மருத்துவப் பள்ளி அது ஒன்றுதான். இன்று மனுப் போட நாடு முழுக்கப் பத்து இடம் இருக்கும்போது ஒன்றோடு நிற்பானேன்? முறை வேறு வேறு என்பதாலேயே ஒரு இடத்தில் கிடைக்காதது இன்னொரு இடத்தில் கிடைக்கிறது. குறைந்தது நாலு இடத்துக்குப் போடுங்கள்.

வசதியுள்ள சில குடும்பங்கள் அமெரிக்காவின் இணைப்புப் படிப்பைக் கேட்கின்றன. பள்ளியிலிருந்தே இளங்கலைக்கும் மருத்துவத்துக்கும் ஒரே நேரத்தில் இடம் உறுதி செய்யும் திட்டங்கள் அவை. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே. முதலில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்தால் கட்டணமும் நேரமும் மிஞ்சும். பிரௌன் பல்கலைக்கழகத்தின் எட்டு ஆண்டுத் திட்டம் வெளிநாட்டு மாணவர்களையும் எடுத்துக்கொள்கிறது. மருத்துவப் பகுதிக்குப் போக எம்.கேட் என்ற அமெரிக்க மருத்துவ நுழைவுத் தேர்வும் தேவையில்லை. ஆனால் வழக்கமான மனுவோடு கூடுதல் கட்டுரைகள் எழுத வேண்டும். முன்கூட்டிய மனுவுக்குக் கெடு நவம்பர் 1, நம் மெட்ரிக் தேர்வு நடக்கும் நேரம். கட்டுரைகளை ஜூலை விடுமுறையில் எழுதி முடிக்காவிட்டால் இரண்டும் கெடும். முன்கூட்டிய மனுவில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதையும் கையெழுத்துப் போடுமுன் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தியாவில் படிக்க நினைப்பவர்களுக்கு நீட் தேர்வு கட்டாயம். வெளிநாட்டுக் குடிமக்களுக்கும் விலக்கில்லை. எந்த நாட்டில் படித்தாலும் திரும்பி வந்து இங்கே தொழில் செய்ய எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில் மன்றத்தின் பதிவு வேண்டும். ஏஜெண்ட் நீட்டும் காகிதத்தில் இது இருக்காது.

இடம் கிடைக்காத பிள்ளைக்கு விட்ஸ் பல்கலைக்கழகம் இன்னொரு வழி வைத்திருக்கிறது. வேறொரு பட்டத்தை முடித்து, அவர்கள் கேட்கும் அறிவியல் பாடங்களும் இருந்து, நுழைவுத் தேர்விலும் தேறினால் மருத்துவப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் சேரலாம். அதனால் இரண்டாம் விருப்பமாக எதை எழுதுவது என்பதை அலட்சியமாக விடக்கூடாது. உயிரியலும் வேதியியலும் உள்ள பட்டமாகப் பார்த்து எழுதுங்கள்.

பணத்துக்கு என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதியுதவித் திட்டம் உண்டு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டியவர்கள் மாகாணச் சுகாதாரத் துறையின் உதவித்தொகையைப் பார்க்கலாம். பெற்ற ஒவ்வொரு ஆண்டுக்கும் ஓராண்டு அரசு மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு மார்ச்சிலும் எல்லா மருத்துவக் கல்லூரிகளின் கெடு தேதிகளையும் என்.பி.டி. தேதிகளையும் ஒரே கட்டத்தில், கோயில் திருவிழா அறிவிப்புகள் வரும் பக்கத்தில் போடுங்கள். அந்தப் பக்கத்தைத்தான் பாட்டிமார்கள் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
மாணவர் வழிகாட்டும் ஆசிரியர்கள் சிலர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்