யன்னலுக்கு ஒரு சட்டம், கதிரைக்கு வேறொரு சட்டமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தெற்கு இங்கிலாந்தின் பழைய சந்தை நகரொன்றில், மரபுப் பாதுகாப்புப் பகுதியாகக் கவுன்சில் அறிவித்திருக்கும் வீதியில் பத்தொன்பது வருடங்களாகக் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கட்டடம் ஒரு பப். அதன் வாசலில் மேசை கதிரை போடுவது தொடர்பாக எங்கள் வீதியில் இரண்டு வருடங்களாக நடக்கும் பிணக்கு, இந்நாட்டின் வேறு பல நகரங்களிலும் நடப்பதுதான். நடைமுறை தெரியாததால் நம்மவர்கள் பலர் சொல்ல வேண்டியதை உரிய நேரத்தில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

பப்புக்கு நான் எதிரானவன் அல்லன். நாங்கள் வீடு வாங்கிய நாளிலேயே அது அங்கே இருந்தது. பின்னர் வரும் வீடுகளின் பொருட்டு, ஏற்கெனவே இயங்கும் தொழிலின்மீது நியாயமற்ற கட்டுப்பாடு விழக்கூடாது என்று தேசியத் திட்டமிடல் கொள்கையே சொல்கிறது. அது சரியென்றே நானும் நினைக்கிறேன். 2020 கொரோனாக் கோடையில் வெளியே போட்ட நான்கு மேசைகள்தான் அந்தப் பப்பை மூடாமல் காப்பாற்றின. அப்போது வீதியில் ஒருவரும் முறையிடவில்லை.

என் மனக்குறை வேறு. சில வருடங்களுக்கு முன்பு, குளிர் தாங்காமல் எங்கள் முன்பக்க யன்னல்களைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் யன்னல் போட விரும்பினோம். வழக்கமாக அனுமதி தேவைப்படாத சிறு மாற்றங்களுக்கும் அனுமதி கேட்க வைக்கும் ‘ஆர்ட்டிக்கிள் 4’ கட்டளை எங்கள் வீதியில் நடைமுறையில் இருப்பதால், அதற்குக் கவுன்சிலின் பிளானிங் (திட்டமிடல்) அனுமதி வேண்டும் என்றார்கள். கவுன்சிலின் மரபுப் பாதுகாப்பு அதிகாரி வந்து, கண்ணாடிகளுக்கு இடையே ஓடும் மெல்லிய மரச்சட்டத்தின் தடிப்பை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து குறித்துக்கொண்டு, அதே தடிப்பில் மரத்தால்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். செலவு ஏறக்குறைய மூன்று மடங்கு. அன்று கோபப்பட்டேன். ஆனால் யன்னல் பொருத்தி முடிந்து, எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று வீதி முழுவதையும் பார்த்தபோது, அவர் கேட்டது எதற்கென்று விளங்கியது. 1967இல் வந்த சட்டத்தின் கீழ் லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபர்ட் நகரில் தொடங்கி இன்று இங்கிலாந்தில் ஏறக்குறைய 10,000 பகுதிகள் இவ்வாறு பேணப்படுவது, ஒவ்வொரு வீட்டுக்காரரும் இப்படிக் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததால்தான்.

அதே வீதியில் கதிரைக்கு மட்டும் வேறு சட்டம். நடைபாதையில் மேசை கதிரை போடுவதற்காகக் கவுன்சில் கொடுக்கும், கொரோனாவுக்காக 2020இல் அவசரமாகக் கொண்டுவந்த ‘நடைபாதை அனுமதிப்பத்திரம்’ 2024 மார்ச் 31 முதல் நிரந்தரமாகிவிட்டது. அது கையில் இருந்தால் பிளானிங் அனுமதி தனியாகத் தேவையில்லை. முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் அதிகபட்சம் 500 பவுண், புதுப்பிக்க 350. பொதுமக்கள் கருத்துச் சொல்ல 14 நாள், கவுன்சில் முடிவெடுக்க மேலும் 14 நாள். அதற்குள் கவுன்சில் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டதாகவே கொள்ளப்படும். பிளானிங் விண்ணப்பமாக இருந்தால், மரபுக் கட்டடங்கள், மரபுப் பாதுகாப்புப் பகுதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி, அப்பகுதியின் தன்மையையும் தோற்றத்தையும் பேணுவதற்குத் தனிக் கவனம் செலுத்த வேண்டிய கடமை கவுன்சிலுக்கு உண்டு. என் யன்னலை அளக்க வைத்தது அந்தக் கடமைதான். பப்பின் வாசலுக்கு எவரும் அளக்க வரவில்லை.

விண்ணப்ப அறிவித்தலைப் பப்பின் கதவுக் கண்ணாடியில், முழங்கால் உயரத்தில், ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டியிருந்தார்கள். அயலவர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. நாங்கள் அதைக் கண்டது பதினோராம் நாள். மூன்று நாளில் என்னத்தை எழுதுவது?

இப்போது அங்கே நான்கல்ல, பதினொரு மேசைகள். பியர் நிறுவனத்தின் பெயர் பெரிதாக எழுதிய ஐந்து குடைகள், கட்டடத்தின் பழைய செங்கல் முகப்பை முதல் மாடி வரை மறைத்து நிற்கின்றன. இரவு பதினொரு மணிக்கு இரும்புக் கதிரைகளைக் கல் பாவிய நடைபாதையில் இழுத்து அடுக்கும் சத்தத்தில் எங்கள் அம்மா திடுக்கிட்டு எழுந்துவிடுவார். எண்பத்தொரு வயதான அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மருந்துக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போன ஒரு சனிக்கிழமை, மேசைக்கும் வீதி விளிம்புக்கும் இடையே வழி போதாமல், காரோடும் வீதியில் இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. மறுநாள் அளவுநாடா கொண்டுபோய் அளந்தேன்: 112 சென்டிமீட்டர். பொதுவாகக் குறைந்தது ஒன்றரை மீட்டர் வழி விட வேண்டும் என்கிறது அரசாங்கத்தின் வழிகாட்டல்.

மேசைகளை முற்றாக எடுக்கும்படி நான் கேட்கவில்லை. மரபுப் பாதுகாப்புப் பகுதியில் வரும் ஒவ்வொரு நடைபாதை விண்ணப்பத்தையும் அதே மரபு அதிகாரியின் மேசைக்கு அனுப்பி அவருடைய கருத்தைக் கேட்க வேண்டும். எத்தனை கதிரை, குடை எந்த நிறம், அதில் விளம்பரம் இருக்கலாமா, இரவில் எங்கே எடுத்து வைப்பது என்பனவற்றை அனுமதிப்பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுத வேண்டும். இருபக்க அயலவர்களுக்கும் முதல் நாளே கடிதம் போக வேண்டும். இவற்றைச் செய்யக் கவுன்சில்கள் புதிய சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அவை தாமாகவே செய்யலாம்.

இப்படியான வீதிகளில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு விடயம். எழுதும்போது ‘தொந்தரவாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதுங்கள். கவுன்சிலின் முடிவை எதிர்த்து மேன்முறையீடு செய்வதற்குச் சட்டத்தில் வழி வைக்கப்படவில்லை என்பதால், அந்தப் பதினான்கு நாட்களுக்குள் எழுதுவதே முக்கியம். எங்கள் வீதியில் இரண்டு வருட அனுமதி வருகிற மாதம் முடிகிறது. புதுப்பிக்க விண்ணப்பம் வரும் நாளைத் தவறவிடாதிருக்க, காலையில் பால் வாங்கப் போகும்போதெல்லாம் அந்தக் கதவைக் குனிந்து பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர் ஒருவர்