பத்து 9-ல் (ஒன்பதாம் மைலில்) அறையைக் கொடுத்துவிட்டு ‘செராஸ் எம்ஆர்டி பக்கத்தில்’ என்று விளம்பரம் போட்டது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளருக்கு,

வணக்கம். என் மகளுக்காக உங்கள் நிறுவனம் மூலமாகக் கோலாலம்பூரில் ஓர் அறை எடுத்தேன். கோலாலம்பூர் என்று எழுதுவது உங்கள் விளம்பரத்தில் அப்படிப் போட்டிருந்ததால்தான். ஒப்பந்தத்தில் இருக்கிற அஞ்சல் எண் 43200. அது பக்கத்துச் சிலாங்கூர் மாநிலத்தில், காஜாங் நகராண்மைக் கழகத்துக்கு உட்பட்ட இடம். கோலாலம்பூருக்குள் இருக்கிற செராஸ் என்றால் 56000, 56100 என்று வரும். கையெழுத்துப் போடும்போதே உங்கள் கம்பெனிப் பையனிடம் இதைக் கேட்டேன். "எல்லாம் ஒன்னுதான் ஆண்ட்டி, பேருதான் வேற" என்றார். வாடகையும் ஒன்றாக இருந்தால் சரி, ஆனால் கோலாலம்பூர் வாடகையைச் சொல்லி பத்து 9-ல் அறையைக் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் விளம்பரத்தில் இருந்தது இதுதான்: "செராஸ் எம்ஆர்டி 10 நிமிட நடை, கேஎல் சென்ட்ரல் 15 நிமிடம், பெண்களுக்கு ஏற்ற அமைதியான இடம்." இதில் அமைதியான இடம் என்பது மட்டும் உண்மை. இரவு எட்டு மணிக்கு மேல் அந்தச் சடக்கில் ஆள் நடமாட்டமே கிடையாது, அதனால் அமைதிதான்.

முதலில் அந்த ஸ்டேஷன். எம்ஆர்டி ரயிலின் காஜாங் தடத்தில் வெறும் ‘செராஸ்’ என்ற பெயரில் ஸ்டேஷனே இல்லை. பத்து 11 செராஸ் என்று ஒன்று இருக்கிறது, அது இந்த அறையையும் தாண்டி காஜாங் பக்கம் போகணும். செராஸ் என்று மட்டும் பெயர் போட்ட ஸ்டேஷன் எல்ஆர்டி என்கிற வேறு ரயிலின் ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில், சான் சோவ் லின்னுக்கும் சாலாக் செலாத்தானுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. என் மகள் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் ரயில் ஏறி, மூன்று மணி நேரம் போல உட்கார்ந்து, கேஎல் சென்ட்ரலில் பெட்டியோடு இறங்கி, உங்கள் விளம்பரத்தை நம்பி மஸ்ஜித் ஜாமேக்கில் தடம் மாறி அந்த எல்ஆர்டி செராஸ் ஸ்டேஷனில் போய் நின்றாள். மழை வேறு. உங்கள் பையனுக்குப் போன் போட்டால், "இது வேற செராஸ் தங்கச்சி, கிராப் எடுத்துக்கோங்க" என்கிறார். வேற செராஸ் என்று அவருக்குத் தெரிகிறது, விளம்பரம் எழுதியவருக்கு மட்டும் தெரியாதா? முதல் நாளே கிராப் டாக்சிக்குச் செலவழித்து, நனைந்து, வீட்டைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அதையும் நீங்கள் எழுதவில்லை, அதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

அடுத்து அந்த 10 நிமிட நடை. உண்மையில் பக்கத்தில் உள்ள எம்ஆர்டி ஸ்ரீ ராயா. வரைபடத்தில் அறைக்கும் ஸ்டேஷனுக்கும் ஒரு கோடு போட்டு அளந்தால் கிட்டத்தில்தான் தெரியும், நானும் போனில் பார்த்தேன், விரல் அகலம்கூட இல்லை. ஆனால் நடுவில் செராஸ்-காஜாங் நெடுஞ்சாலை ஓடுகிறதே, அதை யார் தாண்டுவது? காடியும் லோரியும் பறக்கிற சடக்கு அது. வீடு இருப்பது மேட்டில். கீழே இறங்கி, தாமான் குடியிருப்பைச் சுற்றி, நடைபாதையே இல்லாத ஓரத்தில் மோட்டார்கள் உரசுகிற மாதிரி போகிற இடத்தில் நடந்து, அதற்கப்புறம்தான் ஸ்டேஷன் பாலம் வருகிறது. அவள் இருபத்து மூன்று வயதுப் பெண், வேகமாகத்தான் நடப்பாள். அவளுக்கே அரை மணி நேரத்துக்குக் குறையவில்லை. மழை நாளில் கேட்கவே வேண்டாம். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவளோடு நடந்து பார்த்தேன். முட்டி வலியோடு மேட்டில் ஏறும்போது உங்கள் கம்பெனியைத்தான் நினைத்துக்கொண்டேன், என்ன நினைத்தேன் என்று இங்கே எழுத முடியாது.

ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடுகிற ஃபீடர் பஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), அதைக் குறை சொல்லவில்லை. மை50 பாஸ் வேறு எடுத்திருக்கிறாள், 50 வெள்ளிக்கு 30 நாள் எம்ஆர்டி, எல்ஆர்டி, மோனோரயில், ரேப்பிட் பஸ், ஃபீடர் பஸ் எல்லாவற்றிலும் போகலாம். கேடிஎம் ரயில் மட்டும் அதில் சேராது. எங்களை மாதிரி குடும்பத்துக்கு இந்த நகரத்தில் உருப்படியாகக் கிடைத்த விஷயம் அதுதான். ஆனால் ஃபீடர் பஸ் வாசலில் வந்து காத்திருக்காது, அதற்கு நாம்தான் காத்திருக்கணும். பஸ் ஏறித்தான் ஸ்டேஷனுக்குப் போகணும் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். "ஃபீடர் பஸ் ஏறி எம்ஆர்டி பிடிக்கணும்" என்று எழுதியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன், அறையையும் எடுத்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

கேஎல் சென்ட்ரல் 15 நிமிடம் என்று எந்தக் கணக்கில் போட்டீர்கள்? ஸ்ரீ ராயாவிலிருந்து முசியம் நெகாரா ஸ்டேஷனுக்கு ரயிலில் மட்டும் அரை மணி நேரம் போல ஆகிறது. நடுவில் தாமான் சண்டெக்ஸ், கொன்னாட், முத்தியாரா, மிடா, பெர்த்தாமா, மலூரி என்று வரிசையாக நின்று நின்றுதான் போகும். இறங்கி, அந்த நீள நடைபாதையில் நடந்தால்தான் கேஎல் சென்ட்ரல். அவள் ஆபீஸ் பிரிக்பீல்ட்ஸில், அதற்கு இன்னும் கொஞ்சம் நடக்கணும். வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் நாற்காலி வரை கூட்டினால் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது, போக ஒன்று, வர ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்குக் காடியில் போனால் ஒருவேளை 15 நிமிடத்தில் போகலாம், அந்த நேரத்தில் யார் வேலைக்குப் போகிறார்கள்?

உங்கள் பையன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளவே இல்லை. எங்கள் ஊர் ஆட்களுக்கு கோலாலம்பூர் தெரியாது, என்ன சொன்னாலும் தலையாட்டுவார்கள் என்று நினைத்துவிட்டார். நான் கல்யாணத்துக்கு முன்னால் செந்தூலில் சின்னம்மா வீட்டில் தங்கி, சுங்கை வே பக்கம் ஃபேக்டரியில் வேலை செய்தவள். பிங்க் மினி பஸ்ஸில் 60 காசு கொடுத்து, படியில் தொங்கிக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறேன். 1996 கடைசியில் அம்பாங்கிலிருந்து முதல் எல்ஆர்டி ஓடியபோது வேடிக்கை பார்க்கவே ஏறினோம். 1998-ல் மினி பஸ்ஸை நிறுத்தினார்கள், அதற்கப்புறம் நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். அதனால் இந்த நகரத்தில் ஒரு இடம் எவ்வளவு தூரம் என்பதைவிட, அங்கிருந்து எது ஓடுகிறது, எத்தனை மாறணும், ராத்திரி எப்படித் திரும்பணும் என்பதுதான் முக்கியம் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் உங்கள் பையனிடம் ஆரம்பத்திலேயே கேட்டேன்.

நான் கேட்டது பிரிக்பீல்ட்ஸ் அல்லது செந்தூல். பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்தால் ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம், எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பெயரிலேயே சாலை இருக்கிற இடம், கோயில், சாப்பாட்டுக்கடை, மருந்துக்கடை எல்லாம் காலடியில். வாடகை கூட, அறை சின்னது, சத்தம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். செந்தூல் என்றால் எல்ஆர்டியும் இருக்கிறது, கேடிஎம்மும் இருக்கிறது, பத்துமலையிலிருந்து வருகிற கொமுட்டர் ரயில் கேஎல் சென்ட்ரலுக்கு நேராகவே போகும், அடிக்கடி வராது என்பது ஒன்றுதான் குறை. சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். ரயில்வே வேலைக்கு வந்த குடும்பங்கள் அங்கே தலைமுறையாக இருப்பதால் தனியாக இருக்கிற பெண்ணை நாலு பேர் கவனிப்பார்கள், அதைத் தொந்தரவு என்று என் மகள் சொல்வாள், நான் சொல்ல மாட்டேன். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல உங்கள் பையன், "பிரிக்பீல்ட்ஸ் ஜேம் ஆண்ட்டி, செந்தூல் பழைய ஏரியா ஆண்ட்டி, செராஸ்தான் இப்ப எல்லாரும் போறாங்க" என்று ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினார். சரி, பிள்ளை நல்லதுக்குத்தான் சொல்கிறான் என்று பார்த்தால், காலியாகக் கிடந்த அறையைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

செராஸ் மோசமான இடம் என்று நான் சொல்ல வரவில்லை. மலூரி பக்கமோ, தாமான் மிடா ஸ்டேஷன் ஓரமாகவோ கொடுத்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. மலூரியில் எம்ஆர்டியும் எல்ஆர்டியும் சேர்கிறது, வேறென்ன வேண்டும். பத்து 9-லும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நன்றாகத்தான் வாழ்கின்றன, அவர்களிடம் காடி இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. காடி இல்லாத, ஊர் தெரியாத ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் என்று சொன்னதுதான் என் புகார்.

செராஸ் மாதிரி பெரிய பெயர் இருந்தால் அதற்குள் எதை வேண்டுமானாலும் அடைத்துவிடலாம் போலிருக்கிறது. கம்போங் கெரிஞ்சியில் எழும்பிய கட்டடங்களைப் பங்சார் சவுத் என்ற பெயரில் விற்றது ஊருக்கே தெரியும், எல்ஆர்டி ஸ்டேஷன் பலகையில் இன்னும் கெரிஞ்சி என்றுதான் இருக்கிறது. பண்டார் உத்தாமா ஒரு காலத்தில் எஃபிங்ஹாம் தோட்டம், யுஎஸ்ஜே இருப்பது சீபீல்ட் தோட்டத்து நிலம். ரப்பர் மரம் சீவிய இடங்களில் இப்போது எங்கள் பிள்ளைகள் வாடகை கொடுத்துத் தங்குகிறார்கள், தங்கட்டும், ஆனால் எந்த இடத்துக்கு வாடகை கொடுக்கிறோம் என்றாவது சரியாகத் தெரிய வேண்டாமா?

எங்களைப் போன்றவர்கள் வேலை நாளில் கடையைப் பூட்டிவிட்டு அறை பார்க்க வர முடியாது. எனக்குத் தையல் கடை, தீபாவளி நெருங்குகிற நேரத்தில் ஒரு நாள் மூடினாலும் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். எங்கள் ஊரிலிருந்தும் சுற்றியிருக்கிற தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் போகிறார்கள், போனில் படத்தைப் பார்த்து, அதில் எழுதியிருப்பதை நம்பி, முன்பணத்தை அனுப்பிவிட்டு. உங்களுக்கு வருமானமே அதில்தான். அப்படி இருக்கும்போது விளம்பரத்தில் எழுதுகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் நீங்கள் பொறுப்பு.

இதற்கு முன்னால் உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். வாட்சாப்பிலும் எழுதினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் எடுத்த ஒருவர், "நிலம், சொத்து சம்பந்தப்பட்டதெல்லாம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் எடுபடாது, நீங்க எங்க வேணும்னாலும் போங்க" என்றார். சட்டம் தெரிந்தவர் போல. நான் நிலத்தைக் கேட்கவில்லையே ஐயா. அறை தேடிக் கொடுத்ததற்காக என்னிடமிருந்து நீங்கள் வாங்கிய சேவைக் கட்டணம் 325 வெள்ளி, ரசீது என் கையில் இருக்கிறது. சேவையைப் பற்றிப் பொய்யான, தப்பான தகவல் கொடுக்கக்கூடாது என்று 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்த மன்றத்தில் வழக்குப் பதிய 5 வெள்ளி, வழக்கறிஞரை வைத்து வாதாட இரண்டு பக்கமும் முடியாது, 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம். நான் அவ்வளவு கேட்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். சேவைக் கட்டணம் 325 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு வருட ஒப்பந்தத்தை இந்த மாதக் கடைசியோடு முடித்து, டெபாசிட்டில் ஒரு காசும் பிடிக்காமல் தர வீட்டுக்காரரிடம் பேசுங்கள். அவரைச் சேர்த்துவிட்டது நீங்கள்தான், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, தண்ணீர்க் குழாய் கெட்டபோது மறுநாளே வந்து சரி செய்து கொடுத்த மனிதர். வேறு அறை தருகிறோம் என்று சொல்வதானால் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், இல்லையென்றால் மலூரிக்கு நகரத்துப் பக்கம் எம்ஆர்டி ஸ்டேஷனை ஒட்டியே காட்டுங்கள், இந்தத் தடவை நானே நடந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அப்புறம், அந்த விளம்பரத்தைத் திருத்துங்கள். நேற்றுப் பார்த்தேன், பக்கத்து அறைக்கும் அதே வரி, "செராஸ் எம்ஆர்டி 10 நிமிட நடை" என்று. அடுத்து யார் வீட்டுப் பிள்ளை வந்து மழையில் நிற்கப் போகிறதோ.

பதினான்கு நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், போனில் வேண்டாம். போனில் சொன்னதையெல்லாம் நீங்கள் பிறகு மறந்துவிடுகிறீர்கள். விளம்பரத்தின் படம், ரசீது, ஒப்பந்தத்தின் முதல் பக்கம், வாட்சாப் பேச்சு எல்லாம் இதோடு இணைத்திருக்கிறேன். பதில் வரவில்லை என்றால் அதே தாள்களை இன்னொரு பிரதி எடுத்து, 5 வெள்ளியோடு நடுவர் மன்றத்துக்கு அனுப்புவேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து,
பணம் கட்டிய வாடிக்கையாளர்