கம்பத்தடிச் சம்பா

அன்புள்ள குமார்,

தீபாவளிக்கே எழுதியிருக்க வேண்டியது. நடவு, மழை, களை என்று நாள் ஓடிவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. பாண்டியன் இன்னும் அதே வண்டியில்தான் வருகிறான், நீ பயப்படாதே.

விஷயம் நம் மாப்பிள்ளைச் சம்பா நெல் பற்றி. ரோட்டு வளைவில் ஆடியில் எல்.இ.டி. விளக்குப் போட்டார்கள். மார்கழி பிறந்துவிட்டது, வயல் முழுக்கக் கதிர் வந்து பால் பிடிக்கிறது, கம்பத்தடியில் மட்டும் அரைவட்டமாகக் கரும்பச்சை. ஒரு நெல்தாளை நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். உள்ளே இலைச்சுருள்தான், கதிரின் அடையாளமே இல்லை. கொஞ்சம் தள்ளி இப்போதுதான் தொண்டைக்கதிர், கதிர் வெளியே வராமல் உறைக்குள் பருத்து நிற்கிறது. ஒரே நாற்றங்கால், ஒரே நாள் நடவு! மருந்துக் கடையில் சத்துக் குறை என்று ஒரு பாட்டிலை நீட்டினார்கள். வாங்கவில்லை.

குறை ராத்திரியில் இருக்கிறதடா. பழைய சம்பா ரகங்கள் இரவின் நீளம் பார்த்து, அது போதுமான அளவு நீண்ட பிறகுதான் கதிர் விடும். நம் பக்கம் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். அதை ஒரு புல் கண்டுகொள்கிறது என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. 1920-இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க விஞ்ஞானிகள் கார்னரும் அல்லார்டும், கோடையில் பூக்காத புகையிலையைத் தினமும் சில மணி நேரம் இருட்டுக் கொட்டகைக்குள் வைத்தே பூக்க வைத்தார்கள். 1938-இல் ஹாம்னரும் பானரும், நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் வெளிச்சம் காட்டினாலே மருளூமத்தை என்ற களைச்செடி பூக்காமல் நின்றுவிடுவதைக் கண்டார்கள். அப்படியிருக்க, விடிய விடிய எரிகிற விளக்கடியில் என் பயிருக்கு ராத்திரி ஏது? 1966-இல் வந்த ஐ.ஆர்.8 போலப் பகல் நீளத்தைச் சட்டை செய்யாத ரகமாக இருந்தால் பாதகமில்லை. எனக்குச் சம்பாவை விட மனசில்லை.

மொட்டைத் தள்ளிப்போடச் சாமந்திக்கு ராத்திரி பல்பு எரித்து, கரண்ட் பில்லைப் பார்த்துப் புலம்புகிறவன் நீ. அதே வேலை இங்கே கேட்காமலே நடக்கிறது. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். பல்பிலிருந்து எத்தனை அடி தள்ளியிருந்தால் சாமந்தி தன்பாட்டுக்கு மொட்டு விடுகிறது? பாத்தி ஓரத்தில் பார்த்திருப்பாயே.

விளக்கை எடுக்கச் சொல்ல மாட்டேன். டியூஷன் முடிந்து பெண்பிள்ளைகள் அந்த வளைவில்தான் நடந்து வருகிறார்கள், பாம்பு நடமாட்டம் வேறு. வயல் பக்கம் ஒரு தகர மறைப்பு வைத்தால் போதும் என்று மனு எழுதியிருக்கிறேன். இந்த வருஷம் அந்தப் பச்சையை மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டு, மற்றதில் அறுவடைக்கு முன்னால் உளுந்து தெளிக்கப் போகிறேன். மனு கொடுக்கும்போது அடிக்கணக்கும் கையில் இருக்க வேண்டும்; உடனே எழுது.

அன்புடன்,
செல்வம்