எம்சி முடிந்த மறுநாள்: எங்கள் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மானேஜர் ஐயாவுக்கும் ஆபீஸ் கிராணிமாருக்கும் (கணக்கர்கள்) மண்டோர் அண்ணன்மாருக்கும் (மேற்பார்வையாளர்கள்) வணக்கம்.

மலேசியாவில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் (எங்கள் வாயில் இன்னமும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான்) 19 வருஷமாகச் செம்பனைக் குலை வெட்டுகிறவன் நான். பெயர் போடவில்லை. யார் என்று உங்களுக்குத் தெரியும். மற்றத் தோட்டங்களிலும் இதே கதைதான் என்பதால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மழை பெய்த காலை. குலை ஏற்றிய தள்ளுவண்டியோடு வாய்க்கால் பலகையைக் கடக்கும்போது சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. அதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. கிராணி அன்றைக்கே சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) எழுதிப் போட்டார். 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், அதைச் சரியாகச் செய்தார். எம்சி (டாக்டர் எழுதித் தந்த மருத்துவ விடுப்பு) இருந்தவரை சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு சொக்சோவிலிருந்து வந்தது. வீட்டில் உலை கொதித்தது.

சிக்கல் ஆரம்பித்தது எம்சி முடிந்த மறுநாள்தான்.

பிரட்டில் (காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம்) என் பெயரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் கடிதத்தை நீட்டினேன். 'லைட் டியூட்டி' என்று இரண்டே வார்த்தை. மண்டோர் அண்ணன் நல்ல மனுஷர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, நாற்றங்காலுக்குப் போ, பையில் மண் நிரப்பு" என்றார். கேட்க லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் மண்ணை அள்ளி, பையை இறுக்கிப் பிடித்து, குலுக்கி, தூக்கி வைக்க எல்லாம் மணிக்கட்டுத்தான் வேண்டும். பத்து மணிக்கெல்லாம் விரல்கள் வீங்கிவிட்டன. வீட்டுக்குப் போக மோட்டார் சைக்கிள் முன் பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை. என் மனைவி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். லயத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன்.

நாலாம் நாள் நானே போய், "கை சரியாகிவிட்டது, வெட்டுக்கு அனுப்புங்கள்" என்று சொன்னேன். பொய். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது கூலிக் கணக்கு. நாற்றங்காலில் நின்றால் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), குறைந்தபட்சச் சம்பளத்தோடு சரி. காய்ப்பு நன்றாக உள்ள மாதத்தில் வெட்டுக்காரனுக்கு டன் கணக்கில் அதைவிட எவ்வளவோ கூட வரும். எம்சியில் இருந்தால் சொக்சோ கொடுக்கும், முழுசாக வெட்டினால் தோட்டம் கொடுக்கும். பாதி ஆறின கையோடு வருகிறவனுக்கு இரண்டும் கிடையாது. அதனால்தான் வலியை மறைத்துக்கொண்டு அலுமினியக் கம்பைத் தூக்குகிறோம். உச்சியில் அரிவாள் மாட்டிய நீளக் கம்பு அது. அண்ணாந்து பார்த்தபடி தூக்கி இழுக்கும்போது கை ஒருமுறை நழுவினால் கீழே நிற்கிறவர் தலை போகும். அன்றைக்கு என் பின்னால் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தது என் மனைவி.

நான் கேட்பது பெரிய செலவில்லை. டாக்டர் தோட்டத்துக்கு வந்து பார்த்ததில்லை, கம்பு எத்தனை அடி, குலை எத்தனை கிலோ என்று அவருக்கு எப்படித் தெரியும்? 20 கிலோ குலையை நாளெல்லாம் தூக்குகிற வேலை என்று ஆபீஸிலிருந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அப்போதுதான் 'லைட்' என்றால் எது என்று அவரும் விவரமாக எழுத முடியும். அப்புறம், வேலையை ஒதுக்கும் முன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். மண் நிரப்ப முடியாத நான், இடது கையால் குலை எண்ணிக் குறிப்பேன். பழுத்தது எது, காய் எது என்று தூரத்திலிருந்தே சொல்வேன். புதிதாக வந்த பையன்களுக்கு எந்தப் பக்கம் நின்று வெட்டினால் மட்டை மேலே விழாது என்று காட்டுவேன். முதல் வாரம் அரை நாள், பிறகு மெல்லக் கூட்டலாம். அந்த நாட்களில் கூலி முன்பு வாங்கிய சராசரியிலிருந்து ஒரேயடியாகச் சரியாமல் பார்த்துக்கொண்டால் போதும், ஒருவனும் பொய் சொல்ல மாட்டான்.

இதற்கென்றே சொக்சோவில் 2007 முதல் 'ரிட்டர்ன் டு வொர்க்' திட்டம் இருக்கிறது. காயம்பட்டவருக்கு ஒரு கேஸ் மேனேஜரைப் போடுவார்கள். அவர் சிகிச்சையையும் கவனிப்பார், முதலாளியிடமும் பேசுவார். மலாக்காவில் பெரிய மறுவாழ்வு மையமே கட்டியிருக்கிறார்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிற காசு எம்சிக்கு மட்டும்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இப்படி ஒன்று இருப்பதை எனக்குச் சொன்னது பிசியோ அறையில் பக்கத்து நாற்காலியில் இருந்த லாரி டிரைவர். ஆபீஸ் நோட்டீஸ் பலகையில் தீபாவளி வாழ்த்து இன்னும் தொங்குகிறது, அதற்குப் பக்கத்தில் இதையும் ஒட்டலாமே. 2024 ஜூன் 1 முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டமும் வந்துவிட்டது. நம் தோட்டத்தில் அவர் யார் என்று பிரட்டில் ஒருநாள் முகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

என் கையை விடுங்கள், அது ஒருவழியாகத் தேறி வருகிறது. மூன்றாவது லயத்தில் கணுக்கால் பிசகிக் கிடக்கிறானே வங்காளதேசத்துப் பையன், வெளிநாட்டுக்காரர்களும் 2019 முதல் சொக்சோவில் சேர்ந்தவர்கள்தான். அது அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தமிழும் வராது, மலாயும் அரைகுறை. நாளை மறுநாள் அவன் எம்சி முடிகிறது. பிரட்டுக்கு வருவதற்குள் ஒருவர் போய்ப் பேசினால் நல்லது. வேண்டுமானால் நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வெட்டுக்காரன்